வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் ஊர்க் காட்சியகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில், வாசிகசாலையோடு ஒட்டியிருக்கிற எங்கள் மூன்றறைக் காட்சியகத்துக்குள் போன கார்த்திகையில் வெள்ளம் புகுந்தது. வருகிற ஆடிப்பிறப்பன்று அதைத் திரும்பத் திறக்கிறோம். விறாந்தை மேசையில் இருப்பது நான் என்பதால், படலையைத் திறந்து வருகிறவர்களின் கேள்விகள் எல்லாம் முதலில் என்னிடம்தான் வரும். பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்பது ஒரே விசயங்களை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எங்களுக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

எப்ப திறக்கிறியள்? உள்ளுக்கு விடக் காசு எடுப்பியளோ?

ஆடிப்பிறப்பன்று பின்னேரம் திறக்கிறோம். கூழும் கொழுக்கட்டையும் உண்டு. அதற்குப் பிறகு சனி, ஞாயிறு பின்னேரங்களில் திறந்திருக்கும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து ஆக்கள் வருவார்கள் என்பதால் அந்த நாட்களில் தினமும் திறப்போம். கட்டணம் இல்லை, வாசலில் ஒரு உண்டியல் மட்டும் இருக்கும். முதல் இரண்டு அறைகளுக்குள்தான் போகலாம். மூன்றாவது கடதாசி அறை. அது இப்போதைக்குப் பூட்டியே இருக்கும்.

அப்பிடி என்னதான் இருக்கு உள்ள? பழைய சட்டி பானைதானே?

சட்டி பானையும் இருக்கிறது. கடகம், பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி, துலாவில் தண்ணீர் அள்ளிய பட்டை, பனை ஏறுகிறவரின் தளநாரும் பாளைக்கத்தியும், அரிசி அளக்கிற கொத்து, பாக்குவெட்டி, பெயர் வெட்டிய செம்புகள், மீன் பிடிக்கிற கரப்பு, பறி என்று முதல் இரண்டு அறைகளும் நிறைந்திருக்கின்றன. அரசர் காலத்து நாணயமும் சிலையும் பார்க்க விரும்புகிறவர்கள் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும். எங்களிடம் அவை கிடையாது.

என்னைக் கேட்டால், உண்மையான செல்வம் கடதாசி அறையில்தான். சுன்னாகத்திலிருந்து 1930 முதல் 1958 வரை வந்த ஈழகேசரிப் பத்திரிகையின் சில கட்டுகள், காணி உறுதிகள், சாதக ஓலைகள், வைத்திய ஏடுகள், பள்ளிக்கூடக் குழுப்படங்கள் அங்கே இருக்கின்றன. பிறகு அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடித்துக் கொடுக்கிற கல்வெட்டுகள், அதாவது இறந்தவரின் நினைவுப் புத்தகங்கள். பெரிய அருங்காட்சியகம் எதுவும் கல்வெட்டைக் கேட்டு வாங்குவதில்லை. ஆனால் யார் யாருக்குப் பிள்ளை, யார் எந்த ஊரில் கலியாணம் முடித்தார், யார் மலாயாவுக்குப் போய்த் திரும்பி வந்தார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

யாழ்ப்பாணத்தில ஆறே இல்லை. பிறகெப்படி இவ்வளவு வெள்ளம்?

ஆறு இல்லாததும் ஒரு காரணம். எங்களுக்கு வருசத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். அதைக் கடலுக்குக் கொண்டுபோக வழுக்கையாறு மாதிரி மாரியில் மட்டும் ஓடுகிற ஒன்றிரண்டு வழிகள்தான் உண்டு. மிச்சம் எல்லாம் குளங்களிலும் கேணிகளிலும் தங்கி, சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கவேண்டும். குளத்தைத் தூர்த்து, வாய்க்காலுக்குக் குறுக்கே மதில் கட்டினால் தண்ணீர் எங்கே போகும்?

எங்கள் ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்டு உயர்த்தியபோது எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். அன்றிலிருந்து வளவு பள்ளமாகிவிட்டது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். தண்ணீர் வாசலால் வருவதற்கு முன்பே நிலத்தால் வந்தது. கிணறு கட்டோடு நிரம்பி, சீமெந்து வெடிப்புகளால் ஊறிக்கொண்டு வந்தது. வாசலில் மண்மூட்டை அடுக்கினவர்கள் திரும்பிப் பார்க்கும்போது பின்னறையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர்.

என்னென்ன போனது? உண்மையைச் சொல்லுங்கோ.

தண்ணீர் முழங்கால் வரை ஏறி இரண்டு இரவுகள் நின்றது. கல், மண், பித்தளைப் பொருட்களுக்குப் பெரிய சேதம் இல்லை. கீழ்த்தட்டில் இருந்த கடதாசிகள்தான் அடிபட்டன. பளபளப்பான ஆர்ட் பேப்பரில் அச்சடித்த கல்வெட்டுகள் மோசம். அந்தத் தாளின் மேற்பூச்சு நனைந்தால் பசையாகிவிடும். காய்ந்த பிறகு ஒவ்வொரு கட்டும் செங்கல் மாதிரி இறுகிப்போனது. எங்களால் பிரிக்க முடியவில்லை. பழைய சாதாரணத் தாளில் வந்த ஈழகேசரி அதைவிட நன்றாகத் தப்பியது.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு பதிவுக் கொப்பி. எந்தப் பொருள் எந்த வீட்டிலிருந்து வந்தது, யார் தந்தது, அவர்கள் அதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று வருசக்கணக்காக ஊற்றுப்பேனையால் எழுதி வைத்த கொப்பி மேசையின் கீழ் லாச்சியில் இருந்தது. எடுத்தபோது ஒவ்வொரு பக்கமும் வெளிறிய நீலமாக இருந்தது, ஒரு எழுத்தும் இல்லை. பொருட்களில் கட்டியிருந்த அட்டைகளும் அதே மைதான். சாமான்கள் பெரும்பாலும் தப்பிவிட்டன, அவற்றின் விவரம் கரைந்துவிட்டது. கீழே பல பதில்கள் இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

நனைஞ்சதை உடன வெயிலில போட்டிருந்தா முடிஞ்சுதே. எங்கட வெயில் காணாதோ?

மிளகாய்க்குக் காணும். கடதாசிக்கு அது கூடாது. நேர்வெயிலில் ஓரம் முதலில் காய்ந்து நடு ஈரமாக நிற்கும், தாள் நெளிந்து முறியும், மை வெளிறும். ஓலை சுருளும். மரம் வெடிக்கும். எல்லாவற்றையும் நிழலில், காற்றோட்டத்தில், மெதுவாகத்தான் உலர்த்தவேண்டும். ஆனால் மெதுவாக உலர்த்தப் பூஞ்சணம் விடாது. இந்தச் சூட்டிலும் ஈரப்பதத்திலும் 48 மணி நேரத்துக்குள் அது பிடிக்கத் தொடங்கிவிடும். அதோடு கார்த்திகையில் வெயில் எங்கே எறித்தது?

கடதாசியை மீன் ஐஸ் பெட்டியில வைச்சனியள் எண்டு கதைக்கினம். உண்மையோ? மணக்காதோ?

மீன் பெட்டி இல்லை. ஒரு கடைக்காரர் தன் ஐஸ்கிறீம் பெட்டிகளை ஒதுக்கித் தந்தார். மாரிக்கு ஐஸ்கிறீம் யார் வாங்குகிறார்கள்? நனைந்த கொப்பிகளையும் உறுதிகளையும் சிறு கட்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் இடையில் மெழுகுத்தாள் வைத்து, பிளாஸ்ரிக் பையில் போட்டு, பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகைக் குளிரில் வைத்தோம். உறைந்த தாளில் பூஞ்சணம் வளராது, மை மேலும் பரவாது. இது விளையாட்டு வேலை இல்லை, உலகத்திலுள்ள பெரிய ஆவணக் காப்பகங்களும் செய்வதுதான்.

உறைய வைப்பது நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். உலர்த்தாது. பங்குனி தொடக்கம் ஒவ்வொரு கட்டாக வெளியே எடுத்து, இளகவிட்டு, தாள் தாளாகப் பிரித்து, அச்சில்லாத வெள்ளைத் தாளுக்கு இடையில் வைத்து, அந்தத் தாளை மாற்றி மாற்றி உலர்த்தி வருகிறோம். கடதாசி அறை பூட்டியிருப்பதற்கு இதுதான் காரணம். வேலை பாதியைத் தாண்டிவிட்டது.

ஏட்டில இருந்த எழுத்தெல்லாம் கழுவுப்பட்டுப் போச்சோ?

இல்லை. எங்களுக்கு நிம்மதி தந்தது இந்த ஒரு விசயம்தான். ஏட்டில் எழுத்து என்பது மை அல்ல, எழுத்தாணியால் கீறிய கோடு. வாசிக்கத் தெரிவதற்காக அதன்மேல் கரி பூசித் துடைப்பார்கள். வெள்ளத்தில் போனது கரி மட்டும். சாய்வாக வெளிச்சம் பிடித்தால் கீறல் அப்படியே தெரிகிறது. ஊற்றுப்பேனையால் எழுதிய கொப்பி வெறுந்தாளாகிவிட்டது, அதைவிட எத்தனையோ மடங்கு பழைய வைத்திய ஏடு வாசிக்கக்கூடியதாக இருக்கிறது.

ஏடுகளை நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, நிழலில் உலர்த்தி, நெளியாமல் இரண்டு பலகைகளுக்கிடையில் கட்டி வைத்திருக்கிறோம். ஒன்றோடொன்று ஒட்டியவற்றை இழுத்துப் பிரிக்கவில்லை, அதற்குப் பழகிய கை வேண்டும். கரி பூசுவதும் பூச்சி வராமல் புல் எண்ணெய் தடவுவதும் அதற்குப் பிறகு.

பித்தளைச் சாமானைப் புளி போட்டு மினுக்கினா வடிவாயிருக்குமே பிள்ளை?

இதைக் கேட்காத அம்மா ஒருவரும் இல்லை. வீட்டுக் குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்குங்கள், நாள் விசேசத்துக்கு அது வேண்டியதுதான். இங்கே வேண்டாம். புளி ஒவ்வொரு முறையும் மேற்பரப்பில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டுத்தான் மினுக்கித் தருகிறது. செம்பின் விளிம்பைப் பாருங்கள். முன்பு ஏனம் வாங்கினால் பெயர் வெட்டுவிப்பார்கள், புள்ளி புள்ளியாக இரண்டு மூன்று எழுத்து இருக்கும். கொப்பி கரைந்த பிறகு எங்களுக்கு மிஞ்சியிருக்கிற பதிவு அந்தப் புள்ளிகள். ஏற்கெனவே பாதி தேய்ந்திருக்கின்றன.

சில செம்புகளில் இளம்பச்சைத் தூள் மாதிரி ஒன்று பூத்திருக்கிறது. அது உப்பின் வேலை. எங்கள் கிணற்றுத் தண்ணீரிலும் உப்பும் சுண்ணாம்பும் உண்டு. ஆகவே கடைசி அலசலுக்குக் கிணற்றுத் தண்ணீரைத் தொடவில்லை. பிடித்து வைத்த மழைத்தண்ணீரும், பற்றரிக்கு விடுகிற காய்ச்சி வடித்த தண்ணீரும்தான். மண்பானைகளையும் அதில் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி எடுத்தோம். அப்படிச் செய்யாவிட்டால் காயும்போது உள்ளே உப்பு கல்லாகி மேற்பரப்பை உடைத்துத் தள்ளும்.

திறப்பு விழா வைக்கிறியள், சுவருக்கு ஒரு பெயின்ற் அடிக்கேல்லை. பார்க்க என்ன மாதிரிக் கிடக்கு?

பார்க்க நன்றாக இல்லைத்தான். கட்டடம், நடுமுற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய பழைய நாற்சார் வீட்டின் ஒரு பக்கம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தடித்த சுவர். இப்படிப்பட்ட சுவர் ஒரு அங்குலம் காய ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும் என்பது கட்டட வேலைக்காரர்களின் கணக்கு. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசத் தொடங்கிய பிறகுதான் வெளிப்பக்கம் வெளுத்தது. இப்போது பிளாஸ்ரிக் பெயின்ற் அடித்தால் ஈரம் உள்ளே அடைபட்டு, அடுத்த மாரிக்குள் கொப்பளித்து உரியும். முன்பு யாரோ அடித்த சீமெந்துப் பூச்சில்தான் உவர் அதிகம் பூத்திருக்கிறது, சுண்ணாம்புப் பூச்சுள்ள இடம் சுத்தம். ஆகவே அடுத்த வருசம் வெறும் சுண்ணாம்பு அடிப்போம். மாலையும் தோரணமும் கட்டினால் விழாவுக்கு அது போதும்.

எங்கட வீட்டு அல்பமும் நனைஞ்சது. படங்கள் ஒட்டிப்போய்க் கிடக்கு. ஏதும் செய்யேலுமோ?

காட்சியகத்தைப் பற்றிய கேள்விகளைவிட இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். முதலில், இழுக்காதீர்கள். படத்தின் உருவம் மேலே உள்ள மெல்லிய ஜெலற்றின் படையில் இருக்கிறது. நனைந்தால் இளகும், காய்ந்தால் எதில் பட்டதோ அதில் ஒட்டும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும்.

இன்னும் ஈரமாக இருந்தால் வேலை சுலபம். அகலமான தட்டில் குளிர்ந்த சுத்தமான தண்ணீர் எடுத்து, படங்களை அதற்குள் வைத்து, தண்ணீருக்குள்ளேயே மெதுவாகப் பிரியுங்கள். முகப்பக்கத்தை விரலால் தேய்க்கவேண்டாம். பிறகு சுத்தமான துணியில் முகம் மேலே பார்க்க வையுங்கள், அல்லது ஓரத்தில் கிளிப் போட்டுக் கொடியில் தூக்குங்கள். நிழலில்தான். உடனே செய்ய நேரமில்லை என்றால் மெழுகுத்தாள் இடையில் வைத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் அறையில் போடுங்கள். கலர்ப் படத்தைவிடக் கறுப்பு வெள்ளை தாக்குப்பிடிக்கும். 80களில் வந்த, பிளாஸ்ரிக் தாளை உரித்து ஒட்டுகிற அல்பங்கள்தான் எமன்.

சட்டத்தில் கண்ணாடியோடு காய்ந்து ஒட்டிவிட்டதா? அப்படியே விடுங்கள். கண்ணாடியோடு சேர்த்து ஸ்கான் பண்ணலாம், அல்லது நல்ல வெளிச்சத்தில் போனில் எடுக்கலாம். எங்களிடம் கொண்டுவந்தால் நாங்களே எடுத்துத் தருவோம். பூஞ்சணம் பிடித்த படத்தை வெளியே வைத்து, மாஸ்க் போட்டு, மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். வீட்டுக்குள் வேண்டாம், முட்டு (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கு ஆகாது. பின்பக்கத்தில் எழுதியிருப்பதை மறக்காமல் முதலில் படம் எடுங்கள்.

எல்லாத்தையும் ஸ்கான் பண்ணி இன்ரநெற்றில ஏத்தினா முடிஞ்சுதே. பிறகேன் பழசைக் கட்டி அழுறியள்?

ஏற்றத்தான் வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 அளவிலான நூல்களும் ஏடுகளும் போயின. அந்தக் காயத்தோடு இருக்கிற ஊரில் பிரதி எடுத்து வைப்பதற்கு எதிராக யாரும் பேசமாட்டார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் எங்களுடைய எத்தனையோ பத்திரிகைகளையும் மலர்களையும் இப்படித்தான் காப்பாற்றி வைத்திருக்கிறது.

ஆனால் எதை ஏற்றுவது? ஒரு குழுப்படத்தை ஸ்கான் பண்ண ஒரு நிமிசம் காணும். அதில் நிற்கிற முப்பது பேர் யார் என்று சொல்ல இன்னும் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்? பெயரில்லாத படத்தை ஏற்றினால் அது தேடுவாரில்லாமல் கிடக்கும். முதலில் பெயர், அதற்குப் பிறகு ஸ்கான் என்பது என் கட்சி. எங்கள் குழுவிலேயே இதற்கு மறுப்புச் சொல்கிற பெடியள் இருக்கிறார்கள்.

பாதிச் சாமானுக்கு வெறும் அட்டை வைச்சிருக்கிறியள். எழுத மறந்து போனியளோ?

மறக்கவில்லை. பதிவுக் கொப்பிக்கு நடந்ததை மேலே சொன்னேன். தெரிந்ததை மட்டும் எழுதினோம், தெரியாததற்கு அட்டையை வெறுமையாக விட்டோம். ஒவ்வொரு வெறும் அட்டைக்குப் பக்கத்திலும் ஒரு பென்சில் தொங்கும். தெரிந்தவர்கள் எழுதலாம். எழுதுகிறவர் தன் பெயரையும் போடவேண்டும்.

வெள்ளோட்டமாகச் சில முதியவர்களைக் கூட்டிவந்தோம். ஒரு மரப்பெட்டியைப் பார்த்து ஒருவர் சுருட்டுக்கொட்டிலில் புகையிலை வைத்தது என்றார். மற்றவர் சிரித்துவிட்டு, அது தன் சித்தப்பாவின் நகைப்பெட்டி, அடித்தட்டை இழுத்தால் ரகசிய அறை இருக்கும் என்றார். இழுத்தோம், இருந்தது. உள்ளே புகையிலை மணந்தது. இரண்டு பேர் சொன்னதையும் எழுதி வைத்திருக்கிறோம்.

உள்ள இருக்கிற குத்துவிளக்கு எங்கட பேத்தியாரின்ட (பாட்டியின்ட). கொப்பி இல்லைத்தானே, திருப்பித் தாங்கோ.

இது சிக்கலான விசயம். வாயால் சொன்னதை மட்டும் வைத்து எதையும் கொடுக்கமாட்டோம். கொப்பி இல்லாதது எல்லோருக்கும் தெரியும், இன்றைக்கு ஒன்றைக் கொடுத்தால் நாளைக்கு அலுமாரி காலியாகும். ஆனால் உரிமை கேட்கிறவரைப் பொய்காரராக நடத்துவதும் முறையில்லை. வெட்டிய எழுத்து, அந்தப் பொருள் தெரிகிற பழைய கலியாணப் படம், தந்தபோது கூட இருந்தவரின் சாட்சி, இப்படி ஏதாவது கொண்டுவாருங்கள். பொதுச்சபையில் வைத்து முடிவெடுப்போம். இரண்டு வீட்டார் ஒரே பொருளைக் கேட்டால், அவர்கள் தங்களுக்குள் ஒத்துவரும் வரை அது இங்கேயே இருக்கும். இதுவரை கேட்டவர்களில் அநேகர் கடைசியில் கேட்டது பொருளை அல்ல, அட்டையில் பேத்தியாரின் பெயரை. அதை உடனே எழுதிவிட்டோம்.

வெள்ளம் வடிஞ்ச பிறகு வளவில பழங்காசு கிடைச்சது. இரும்புச் சாமான் ஒண்டும் தெரியுது. கொண்டு வரட்டோ?

இரும்பைத் தொடாதீர்கள். மண் அரித்த இடங்களில் போர்க்கால வெடிபொருட்கள் வெளியே வருவது எங்களுக்குப் புதிதல்ல. இருந்த இடத்தில் விட்டு, பிள்ளைகளை அண்டவிடாமல், 119க்கு அடித்துப் பொலிசுக்குச் சொல்லுங்கள். நாங்கள் எந்தக் காரணம் கொண்டும் வாங்கமாட்டோம்.

பழங்காசுக்கு வேறு கதை. மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கிற தொல்பொருட்களுக்கு 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும், விற்கக்கூடாது. கிராம அலுவலரிடம் சொன்னால் வழி காட்டுவார். கழுவவேண்டாம், இன்னும் தோண்டவேண்டாம். கந்தரோடையிலும் ஆனைக்கோட்டையிலும் கிடைத்தவற்றால் எங்கள் ஆதி வரலாறு தெரிய வந்தது, என்ன கிடைத்தது என்பதோடு எந்த மண்படையில் கிடைத்தது என்றும் பார்த்ததால்தான்.

வாற மாரிக்கு என்ன செய்யப் போறியள்? திரும்பவும் இதுதானே?

வெள்ளம் திரும்ப வரும். அது வராது என்று சொல்கிற நிலையில் நாங்கள் இல்லை. கடதாசி எதுவும் இடுப்புக்குக் கீழே இருக்காது, உரலும் அம்மியும் மட்டும் நிலத்தில். முக்கியமானவை மூடியுள்ள பெட்டிகளில், ஒருவர் தூக்கக்கூடிய பாரத்தில். முதலில் எதைத் தூக்குவது என்ற பட்டியல் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. கதவுத் திறப்பு (சாவி) மூன்று வீடுகளில். ஐப்பசிக்கு முன் வாய்க்கால் துப்புரவாக்குவதற்குச் சனசமூக நிலையப் பெடியள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பார்ப்போம்.

புதுக் கொப்பி பென்சிலால் எழுதப்படுகிறது. பென்சில் எழுத்து தண்ணீரில் கரையாது. மூன்று பிரதிகள், அதில் ஒன்று ஊருக்கு வெளியே.

நான் கனடாவில இருக்கிறன். எவ்வளவு காசு அனுப்பட்டும்?

காசு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஈரப்பதத்தை உறிஞ்சுகிற இயந்திரம் ஒன்று கடதாசி அறைக்கு வேண்டும், அதற்குத்தான் இப்போது சேர்க்கிறோம். அனுப்புவதற்கு முன் வாசிகசாலைச் செயலாளரோடு கதைத்து, பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கள்.

அதைவிட அவசரமானது உங்கள் அலுமாரிக்குள் இருக்கிறது. ஊரைவிட்டுப் போகும்போது கொண்டுபோன கல்வெட்டுகளும் படங்களும் உங்களிடம்தான் நனையாமல் இருக்கின்றன. அசலை அனுப்பவேண்டாம். கல்வெட்டென்றால் அட்டை முதல் அட்டை வரை ஒவ்வொரு பக்கமாகவும், படமென்றால் முன்னும் பின்னும் எடுத்து அனுப்புங்கள். அம்மாவோ அப்பாவோ இருந்தால் படத்தில் நிற்கிறவர்களை இடப்பக்கமிருந்து ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். பெயர் நினைவு வராதவரை "தெரியாது" என்றே சொல்லட்டும், இங்கே யாருக்காவது தெரிந்திருக்கும்.